வேலைக்கு விண்ணப்பம்: எந்த வடிவத்தில் ரெஸ்யூமே எழுதுவது?

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது நம்மவர்களுக்குக் கூச்சம் தருகிற காரியம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரும், எத்தனை துறைகளில் தேர்ந்தவனானாலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகாது என்றுதான் பாயிரத்தில் சொல்கிறார். ஆனால் அதை ஒட்டியே நான்கு விலக்குகளையும் தருகிறார். அரசனின் அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, சபையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. இந்த நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி குற்றமில்லை.

வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர் இவற்றில் முதல் இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் நிற்கிறார். அவர் ஓலை விடுக்கிறார். அதுவும் தன்னை அறியாதவர்களுக்கு. புலம்பெயர்ந்தவருக்கு இரண்டாவது விலக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கிண்டி பொறியியல் கல்லூரி என்றாலோ பேராதனைப் பல்கலைக்கழகம் என்றாலோ ஊரில் விளக்கம் தேவையில்லை. மெல்பர்னிலும் சிட்னியிலும் அந்தப் பெயர்களைக் கேள்விப்படாதவர்தான் பெரும்பாலும் நம் விண்ணப்பத்தைப் படிக்கிறார்.

மெல்பர்னின் மேற்கே உள்ள ட்ருகனினாவை எடுத்துக்கொள்வோம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 36,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் அவர்களில் பெரும் பகுதி. புதிய வீடுகளின் வரிசைகளுக்குப் பக்கத்திலேயே பெரிய பெரிய சரக்குக் கிடங்குகள். நகரத்துக்குள் அலுவலக வேலை தேடி வந்தவர், வீட்டுக்கடனோ வாடகையோ நெருக்கும்போது, பக்கத்துக் கிடங்குக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பது இங்கே சகஜம். நிரந்தரக் குடியுரிமை பெற்று வந்த திறன்மிகு குடியேறிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் தம் தகுதிக்குக் கீழான வேலையில் இருப்பதாக, ஆஸ்திரேலியப் பொருளாதார வளர்ச்சிக் குழுவான சேடா 2021ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காரணங்கள் பல. எல்லாவற்றையும் ஒரு காகிதம் சரிசெய்துவிடாது. ஆனால் நம் கையில் இருக்கிற காரணங்களில் ஒன்று, எந்த வேலைக்கு எந்த வடிவத்தில் ரெஸ்யூமே அனுப்புகிறோம் என்பது.

வடிவம் என்றதும் எழுத்துருவையும் ஓரக்கோட்டையும் நினைக்க வேண்டாம். படிப்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும், பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசைதான் வடிவம்.

பயோடேட்டா வேறு, ரெஸ்யூமே வேறு

முதலில் கழிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். இந்தியாவில் நமக்குப் பழக்கமான பயோடேட்டாவில் தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம், மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், புகைப்படம் எல்லாம் இருக்கும். கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் இடமும் தேதியும் கையொப்பமும் இருக்கும். இலங்கையில் தேசிய அடையாள அட்டை எண்ணும், சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளும் சேரும். ஆஸ்திரேலியாவில் இவை எதுவும் தேவையில்லை.

இது வெறும் நாகரிகம் அல்ல, சட்டமும் உண்டு. இனம், பால், உடற்குறை, வயது ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 1975, 1984, 1992, 2004 ஆகிய ஆண்டுகளில் தேசியச் சட்டங்கள் வந்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டமும், விக்டோரியாவுக்கு 2010ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டமும் தனியே உள்ளன. பாகுபாட்டுக்குப் பயன்படக்கூடிய தகவலை வேலை தருபவர் கேட்பதையே, சில விலக்குகளுடன், விக்டோரியச் சட்டம் தடுக்கிறது. கேட்கக் கூடாத ஒன்றை நாமாக முதல் பக்கத்தில் எழுதிக் கொடுப்பானேன்?

இருக்க வேண்டியவை: பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் புறநகரின் பெயர். வீட்டு எண்ணும் தெருவும் அவசியமில்லை. இவற்றோடு ஒரு வரி முக்கியம்: இந்நாட்டில் வேலை செய்ய உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது. குடியுரிமையா, நிரந்தர விசாவா, மாணவர் விசாவா என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டால் படிப்பவரின் முதல் சந்தேகம் தீரும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் கல்லூரி நடக்கும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்ற விதி 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. வரிக்கோப்பு எண்ணையும் வங்கி விவரத்தையும் ரெஸ்யூமேயில் ஒருபோதும் எழுதக் கூடாது. அவை வேலை கிடைத்த பின்னர் கொடுக்க வேண்டியவை.

மூன்று வடிவங்கள்

முதலாவது, காலவரிசை வடிவம். இப்போதைய வேலை மேலே, அதற்கு முந்தையது அதன் கீழே என்று பின்னோக்கிச் செல்லும். ஒவ்வொரு வேலைக்கும் பதவி, நிறுவனம், ஊர், தொடங்கிய மற்றும் முடிந்த மாதமும் ஆண்டும், பிறகு செய்து முடித்தவை நான்கைந்து வரிகளில். ஒரே துறையில் இடைவெளியின்றி வேலை பார்த்தவருக்கு இதுவே சிறந்தது. ஆள்சேர்ப்பு முகவர்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

இரண்டாவது, திறன்வரிசை வடிவம். எங்கே, எப்போது என்பதைப் பின்தள்ளி, என்னென்ன செய்ய முடியும் என்பதை முன்வைப்பது. இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1482ஆம் ஆண்டு வாக்கில் லியனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ட்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் இன்றும் மிலானில் இருக்கிறது. அதில் அவர் எங்கே யாரிடம் பயின்றார் என்ற பேச்சே இல்லை. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், கவச வண்டிகள் என்று தம்மால் செய்யக்கூடியதை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். சமாதான காலத்தில் கட்டடக் கலையும், சிற்பமும், ஓவியமும் செய்யத் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. படிக்கப்போகிறவருக்கு அப்போது வேண்டியிருந்தது போர்க்கருவி என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் லியனார்டோவுக்குச் சரியானது நமக்கும் சரியாகும் என்று சொல்ல முடியாது. ஆண்டுகளை ஒளிக்கும் ரெஸ்யூமேயைப் பார்த்ததும் இன்றைய முகவருக்கு வரும் முதல் எண்ணம், இவர் எதையோ மறைக்கிறார் என்பதே. ஆகவே தூய திறன்வரிசை வடிவத்தைத் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாவது, கலப்பு வடிவம். முதல் பக்கத்தின் மேல்பாதியில் நான்கு வரிச் சுருக்கமும், விளம்பரத்தில் கேட்கப்பட்டுள்ள திறன்களுக்கு நேராக ஆறேழு வரிகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றும். அதன் கீழே வழக்கமான காலவரிசை. புதிதாக வந்த பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம் எளிது. காலவரிசையில் முதலில் வருவது அண்மைய வேலை. வந்த புதிதில் நம் அண்மைய வேலை கிடங்கிலோ பெட்ரோல் நிலையத்திலோ இருக்கக்கூடும். அதன் அடியில் பன்னிரண்டு ஆண்டுப் பொறியியல் அனுபவம் இரண்டாம் பக்கத்தில் புதைந்து கிடக்கும். கலப்பு வடிவம் அதை மேலே தூக்கித் தருகிறது, ஆண்டு எதையும் மறைக்காமல்.

நீளம் இரண்டு அல்லது மூன்று பக்கம் போதும். பல்கலைக்கழக ஆய்வுப் பணிக்கு மட்டும் கட்டுரைகள், நல்கைகள், கற்பித்தல் எல்லாம் சேர்த்து நீண்ட பட்டியல் எதிர்பார்க்கப்படும்.

யாருக்கு எது?

மூன்று கற்பனை மனிதர்களை வைத்துப் பார்க்கலாம்.

சென்னையில் எட்டு ஆண்டு மென்பொருள் சோதனையாளராக இருந்து, அதே வேலைக்கு இங்கே விண்ணப்பிப்பவர்: காலவரிசை. எந்த நிறுவனம் என்பதைவிட எந்த அளவில் வேலை என்பதைச் சொல்ல வேண்டும். குழுவில் எத்தனை பேர், என்ன கருவிகள், எவ்வளவு நேரம் மிச்சமானது. நம்மில் பலர் நாங்கள் செய்தோம் என்று பன்மையில் எழுதிவிடுகிறோம். அது பணிவு. ஆனால் படிப்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரியாமல் போகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து, பிள்ளைகளுக்காக ஆறு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேலை தேடுபவர்: கலப்பு வடிவம். இடைவெளியை ஒரே வரியில் ஆண்டுகளுடன் எழுதிவிட வேண்டும். பிள்ளை வளர்ப்பு என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் கற்பித்திருந்தால் அதுவும் அனுபவமே. சம்பளமில்லாத தொண்டு இங்கே மதிக்கப்படுகிறது. விக்டோரியாவில் பள்ளி ஆசிரியராக விக்டோரிய ஆசிரியர் கழகத்தில் பதிவு வேண்டும், சிறுவர்களோடு பணியாற்றுவோருக்கான சோதனைச் சான்று வேறு பல வேலைகளுக்கும் வேண்டும். கையில் இருப்பதை முதல் பக்கத்திலேயே குறிப்பிடலாம்.

கோவையில் பன்னிரண்டு ஆண்டு கட்டுமானப் பொறியாளராக இருந்தவர்: கலப்பு வடிவம், கூடவே ஒரு எச்சரிக்கை. விக்டோரியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2021 ஜூலை முதல் படிப்படியாக, கட்டுமானம் உள்ளிட்ட ஐந்து துறைப் பொறியாளர்களுக்குப் பதிவு கட்டாயமாகியுள்ளது. பதிவு பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் வேலை செய்தால் விலக்கு உண்டு. ஆகவே பதிவு இருக்கிறதா, விண்ணப்பித்திருக்கிறாரா, மேற்பார்வையின் கீழ் வேலை தேடுகிறாரா என்பது தெளிவாக இருக்க வேண்டும். தகுதி மதிப்பீடு முடிந்திருந்தால், அந்தப் பட்டம் ஆஸ்திரேலியத் தகுதிச் சட்டகத்தில் எந்த நிலை என்று எழுதலாம். அதன் பத்து நிலைகளில் இளநிலைப் பட்டம் ஏழு, முதுநிலை ஒன்பது.

அரசு வேலை

அரசுப் பணிக்கு ரெஸ்யூமே பாதி விண்ணப்பம்தான். தேர்வு அளவுகோல்கள் என்று ஒரு பட்டியல் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு காரியத்தைச் சான்றாக எழுத வேண்டும். சூழ்நிலை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்ற நான்கு படிகளில் எழுதுவது வழக்கம். பட்டியலுக்குப் பதில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்பதும் உண்டு. எத்தனை சொல் என்று சொல்லியிருந்தால் அதற்குள் நிற்க வேண்டும். எவ்வளவு நல்ல ரெஸ்யூமேயாக இருந்தாலும் அளவுகோல்களுக்கு விடை எழுதாத விண்ணப்பம் அடுத்த படிக்குப் போவது கடினம். தேசிய அரசுப் பணிகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை தேவை என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளவும்.

கிடங்கு வேலைக்கு: படிப்பை விட்டுவிடலாமா?

ட்ருகனினாப் பக்கம் அடிக்கடி எழும் கேள்வி இது. முதுநிலைப் பட்டத்தைப் பார்த்தால், இவர் இரண்டு மாதத்தில் போய்விடுவார் என்று கூப்பிடமாட்டார்கள். பட்டத்தை நீக்கினால் பொய்யாகாதா?

ரெஸ்யூமே என்பது வாழ்க்கை வரலாறு அல்ல. அந்த வேலைக்குத் தொடர்புள்ளவற்றின் தொகுப்பு. தொடர்பில்லாததை விடுவது பொய்யில்லை. இல்லாததைச் சேர்ப்பதும், விண்ணப்பப் படிவம் நேரடியாகக் கேட்கும்போது மாற்றிச் சொல்வதும்தான் பொய். கிடங்கு வேலைக்கு ஒரே பக்கம் போதும். எந்த நாட்களில், எந்த ஷிஃப்டில் வர முடியும், சொந்த வண்டி உண்டா, பாரம் தூக்க முடியுமா, ஸ்கேனர் பழக்கம் உண்டா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதானால் அதற்கான உயர் ஆபத்துப் பணி உரிமம் வேண்டும். ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் இந்த உரிமம் இல்லாமல் முடியாது. உரிமம் இருந்தால் பெயருக்கு அடுத்த வரியிலேயே அதை எழுதிவிடுங்கள்.

இத்தகைய வேலைகள் பலவும் ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வருபவை. விக்டோரியாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிறுவனங்களுக்கு உரிமம் தேவை. உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். உங்கள் விவரங்களை ஒருவரிடம் கொடுக்கும் முன் அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பெயர்

இனி எழுத விரும்பாத பகுதி. 2007ல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெல்பர்ன், சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களில் 4,000க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர்தான் வேறு. ஆங்கிலப் பெயருக்குக் கிடைத்த அதே அளவு நேர்காணல் அழைப்புகளைப் பெற, இத்தாலியப் பெயர் 12 விழுக்காடும், பூர்வகுடிப் பெயர் 35 விழுக்காடும், மத்திய கிழக்குப் பெயர் 64 விழுக்காடும், சீனப் பெயர் 68 விழுக்காடும் கூடுதல் விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. இந்தியப் பெயர்களையும் சேர்த்து மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுடன் செய்த ஆய்வு 2023ல் வெளிவந்தது. தலைமைப் பொறுப்புகளுக்குச் சிறுபான்மை இனப் பெயர்கள் பெற்ற அழைப்புகள் 57.4 விழுக்காடு குறைவு, மற்ற வேலைகளுக்கு 45.3 விழுக்காடு குறைவு.

பெயரை மறைத்துவிட்டால் தீருமா? தேசிய அரசு 2017ல் இதைச் சோதித்துப் பார்த்தது. 14 துறைகளைச் சேர்ந்த 2,100க்கும் மேற்பட்ட அலுவலர்களிடம் பெயருள்ளவையும் பெயரில்லாதவையுமாக ரெஸ்யூமேகளைக் கொடுத்தார்கள். அரசுப் பணியில் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் அலுவலர்கள் சற்று ஆதரவாகவே நடந்தது தெரிந்தது. பெயரை நீக்கியது அவர்களுக்கு உதவவில்லை. ஆக, அரசு அலுவலகமும் தனியார் நிறுவனமும் ஒன்றுபோல் இல்லை.

ரெஸ்யூமேயில் அழைப்புப் பெயரை எழுதுவது சட்டப்படி தவறல்ல. ஒப்பந்தத்தில் சட்டப்பூர்வப் பெயர் இருந்தால் போதும். மாற்றுவதும் மாற்றாததும் அவரவர் முடிவு. மாற்றுகிறவரைக் கோழை என்றும், மாற்றாதவரைப் பிடிவாதக்காரர் என்றும் சொல்ல மற்றவருக்கு உரிமையில்லை. ட்ருகனினா என்ற ஊர்ப் பெயரே, 1876ல் ஹோபார்ட்டில் இறந்த தாஸ்மேனியப் பூர்வகுடிப் பெண் ட்ருகனினியின் பெயரிலிருந்து வந்தது. அவர் பெயரை வெள்ளையர் பதிவேடுகள் பலவிதமாக எழுதி வைத்தன. பெயரைப் பிறர் தம் வசதிக்கு எழுதுவது இந்த மண்ணில் புதிதல்ல.

நம் கையில் இருப்பது ஒரு நடைமுறை விஷயம். முதலெழுத்தும் தந்தை பெயரும் கொண்ட தமிழ்ப் பெயர் முறை இங்குள்ள படிவங்களில் பொருந்துவதில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயர் போய்விட, அலுவலகம் முழுக்க அப்பாவின் பெயரால் அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. ரெஸ்யூமே, மின்னஞ்சல், லிங்க்ட்இன் பக்கம், சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயர் ஒரே வரிசையில் இருக்கட்டும். எப்படி அழைக்க வேண்டும் என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

கணினி படிக்கும் ரெஸ்யூமே

பெரிய நிறுவனங்களிலும் சீக் போன்ற வேலைத் தளங்களிலும் ரெஸ்யூமேயை மனிதருக்கு முன் மென்பொருள் பிரித்து அடுக்குகிறது. இரண்டு பத்தி அமைப்பு, அட்டவணை, படம், திறனைக் காட்டும் நட்சத்திரங்கள் ஆகியவற்றில் அது தடுமாறக்கூடும். ஒரே பத்தி, வழக்கமான தலைப்புகள், வேர்டு அல்லது பிடிஎஃப் கோப்பு போதும். ஸ்கேன் செய்த படமாக அனுப்பக் கூடாது. விளம்பரத்தில் உள்ள சொல்லையே, அது உங்களுக்கு உண்மையில் பொருந்தினால், பயன்படுத்துங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆஸ்திரேலிய வழக்கில் இருக்கட்டும்.

உண்மையைப் பற்றி ஒரு வார்த்தை

புகழ்ச்சிக்கு அனுமதி தந்த பவணந்தி பொய்க்கு அனுமதி தரவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் பொய்யான ரெஸ்யூமேயாலும், முன்னாள் முதலாளி போல் தானே தந்த பரிந்துரையாலும் உயர் அரசுப் பதவி பெற்ற ஒருவருக்கு 2019ல் 25 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. பரிந்துரையாளர்கள் இருவர் போதும். அவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி, எந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்றும் சொல்லி வையுங்கள். ஊரில் உள்ளவரானால் நேர வித்தியாசத்தையும் குறிப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. எங்கும் அனுப்பாத ஒரு கோப்பை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். செய்த எல்லா வேலையும், படித்த எல்லாப் படிப்பும், நடத்திய நாடகமும், தொகுத்த மலரும், தேதிகளுடன் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து வேண்டியதை மட்டும் வெட்டி எடுங்கள். கிடங்குக்குப் போன ஒரு பக்கத்தில் பட்டம் இல்லாமல் போனாலும் இந்தக் கோப்பில் அது இருக்கும். அடுத்த விளம்பரம் உங்கள் துறையில் வரும்போது, பழைய தேதிகளைத் தேடிக்கொண்டிராமல் அன்றிரவே விண்ணப்பம் போய்விடும்.